ஆட்சியாளரின் பணமும் கல்விக்கூடத்தின் குரலும்: மாசசூசெட்ஸ் தரும் பாடம்

2025ஆம் ஆண்டு ரமளானின் கடைசிப் பத்து. மார்ச் 25, செவ்வாய்க்கிழமை மாலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரை ஒட்டியுள்ள சாமர்வில் என்ற ஊரில், ருமைசா ஓஸ்துர்க் என்ற துருக்கிய மாணவி தோழிகளுடன் நோன்பு திறப்பதற்காக வீட்டிலிருந்து புறப்பட்டார். தெருவிலேயே சீருடை இல்லாத அதிகாரிகள் அவரைச் சூழ்ந்தனர். சிலர் முகத்தை மூடியிருந்தனர். கைபேசியைப் பறித்து, கைவிலங்கு மாட்டி, காரில் ஏற்றிச் சென்றனர். அடுத்த நாளுக்குள் அவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, லூயிசியானா மாநிலத்தின் தடுப்பு முகாமில் இருந்தார்.

அவர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. ஓராண்டுக்கு முன், காஸா விஷயத்தில் மாணவர் மன்றம் நிறைவேற்றிய தீர்மானங்களை நிர்வாகம் மதிக்கவில்லை என்று, மேலும் மூன்று மாணவர்களுடன் சேர்ந்து மாணவர் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவர் மீது எந்தக் குற்ற வழக்கும் இல்லை. ஆறு வாரங்களுக்கு மேல் அடைபட்டிருந்த பிறகு, மே 9 அன்று வெர்மான்ட் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி வில்லியம் செஷன்ஸ் அவரை விடுவிக்க உத்தரவிட்டார்.

அந்தக் காணொளியைப் பார்த்த நம் பெற்றோர்கள் கேட்ட முதல் கேள்வி, "இனி பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பலாமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருவோம். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆட்சியாளர் கோபம் கொள்ளும்போது ஒரு கல்விக்கூடம் எந்த பலத்தில் நிற்கிறது? மாசசூசெட்ஸில் 2025இல் நடந்தவை இந்தக் கேள்விக்கு விடை சொல்கின்றன.

சமுதாயங்கள் கட்டிய கல்லூரிகள்

மாசசூசெட்ஸ் சிறிய மாநிலம். மக்கள்தொகை சுமார் 70 லட்சம். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. 2023-24 கல்வியாண்டில் 80,000க்கும் அதிகமான வெளிநாட்டு மாணவர்கள் அங்கே படித்தனர். இந்தக் கல்விக்கூடங்களில் பலவும் ஏதோ ஒரு சமுதாயத்தின் தேவையிலிருந்து பிறந்தவை.

ஹார்வர்டு 1636இல் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள், தங்களுடன் வந்த மார்க்க அறிஞர்கள் மரணித்த பிறகு படிப்பறிவற்றவர்கள் வழிபாட்டுத் தலங்களை நடத்தும் நிலை வந்துவிடக் கூடாதே என்று அஞ்சினார்கள். இன்று உலகமே வியக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருந்த முக்கியமான கவலை, ஒரு மத்ரஸாவைத் தொடங்குபவரின் கவலைதான். குடியேற்ற அரசு 400 பவுண்டு ஒதுக்கியது. 1638இல் இறந்த ஜான் ஹார்வர்டு என்ற இளம் போதகர் தம் சொத்தில் பாதியையும் 400 அளவிலான நூல்களையும் விட்டுச் சென்றார். ஆகவே பிறந்த நாள் முதலே அதற்கு இரண்டு பணப்பைகள்: ஒன்று ஆட்சியாளருடையது, மற்றொன்று தர்மம் செய்தவருடையது.

பின்னர் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் வந்தார்கள். பாஸ்டன் அருகே சார்ல்ஸ்டவுனில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய மடத்தையும் பள்ளியையும் 1834இல் ஒரு வெறிக் கும்பல் எரித்தது. 1843இல் உஸ்டர் நகரில் அவர்கள் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரிக்கு மாநில சட்டமன்றம் 1865 வரை சாசனம் தரவில்லை. அதற்காக அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1863இல் பாஸ்டன் கல்லூரியையும் ஏற்படுத்தினார்கள்.

அதன் பின் யூதர்கள். 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க அதன் தலைவர் லோவல் வெளிப்படையாகவே முயன்றார். மற்ற பெரிய கல்லூரிகளிலும் மறைமுகக் கட்டுப்பாடுகள் இருந்தன. 1948இல் வால்தம் நகரில் யூத சமுதாயம் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தை நிறுவியது. எல்லா மதத்தவருக்கும் திறந்த கல்விக்கூடம் அது. அங்கே கத்தோலிக்கர், யூதர், புராட்டஸ்டன்ட் ஆகிய மூவருக்கும் மூன்று வழிபாட்டுக் கூடங்கள் உள்ளன. ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழாதபடி அவற்றை அமைத்ததாகச் சொல்வார்கள்.

பெண் கல்விக்கும் இதே கதைதான். மேரி லயன் என்ற ஆசிரியை ஊர் ஊராகச் சென்று, சாதாரண குடும்பங்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டி 1837இல் தொடங்கியதே மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரி. இந்த வரிசையில் முஸ்லிம்கள் நிறுவிய பல்கலைக்கழகம் ஒன்று அந்த மாநிலத்தில் இன்னும் இல்லை.

அவர்களுடைய வக்ஃப்

இந்தக் கல்லூரிகளைத் தாங்கி நிற்பது எது? நமக்கு நன்கு பழக்கமான ஒன்றுதான். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் விளைச்சலைத் தர்மமாக்கும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். வக்ஃபின் அடிப்படை அதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறக்கட்டளை நிதியும் இதே முறையில் இயங்குகிறது. முதல் அப்படியே இருக்கும், ஆண்டுதோறும் அதன் பலனிலிருந்து ஒரு பகுதி, நிதியின் மதிப்பில் சுமார் ஐந்து சதவீதம், செலவுக்கு வரும். ஐரோப்பியக் கல்லூரி அமைப்பில் முஸ்லிம் உலகின் வக்ஃப் மத்ரஸாக்களின் சாயல் உண்டு என்று ஜார்ஜ் மக்திஸி என்ற வரலாற்று ஆய்வாளர் 1981இல் வெளியான தமது நூலில் வாதிட்டார். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஆனாலும் ஒற்றுமையை மறுப்பது கடினம்.

ஹார்வர்டின் நிதி 2024 நிதியாண்டின் முடிவில் சுமார் 5,300 கோடி டாலர். அந்த ஆண்டு அதன் வருமானத்தில் ஏறக்குறைய 37 சதவீதம் இந்த நிதியிலிருந்து வந்தது. மத்திய அரசின் ஆய்வு உதவி சுமார் 11 சதவீதம்.

"இவ்வளவு பணம் இருந்தால் அரசிடம் ஏன் கையேந்த வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். இங்கே ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு உடனே புரியும் ஒரு விஷயம் இருக்கிறது. வாகிஃப் விதித்த நிபந்தனையை ஷரீஅத்தின் வாசகத்துக்கு நிகராக மதிக்க வேண்டும் என்று நம் ஃபுகஹாக்கள் சொல்வார்கள். ஹார்வர்டிலும் அப்படித்தான். அதன் நிதியில் சுமார் 80 சதவீதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று கட்டுப்பட்டது. கண் மருத்துவ ஆய்வுக்குக் கொடுத்ததை வழக்கறிஞர் கட்டணத்துக்கு எடுக்க முடியாது. உலகத் தமிழர்கள் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டி அங்கே தமிழ் இருக்கைக்கு நிதி அளித்தார்கள். தமிழக அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. அந்தப் பணமும் அந்த மாபெரும் நிதிக்குள்தான் இருக்கிறது. ஆனால் அது தமிழுக்கு மட்டுமே செலவாக வேண்டியது.

2025இல் நடந்தது

2025 ஏப்ரல் 11 அன்று டிரம்ப் அரசு ஹார்வர்டுக்கு ஒரு கோரிக்கைப் பட்டியலை அனுப்பியது. மாணவர் சேர்க்கை, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றை மாற்ற வேண்டும், துறைகளில் எத்தகைய கருத்துகள் நிலவுகின்றன என்று வெளியாட்களைக் கொண்டு தணிக்கை செய்ய வேண்டும், அமெரிக்க விழுமியங்களுக்கு எதிரானவர்கள் என்று கருதப்படும் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. மத்தியக் கிழக்கு ஆய்வு மையம், இறையியல் பள்ளி ஆகியவையும் தணிக்கைப் பட்டியலில் இடம்பெற்றன. யூத வெறுப்பை ஒழிக்கவே இவை என்று அரசு காரணம் கூறியது.

ஏப்ரல் 14 அன்று ஹார்வர்டு தலைவர் ஆலன் கார்பர் மறுத்துவிட்டார். அவரும் ஒரு யூதர் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றே 220 கோடி டாலர் ஆய்வு நிதி முடக்கப்பட்டது. அதில் காசநோய் ஆய்வும் சிக்கியது. மே 22 அன்று வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியே ரத்து செய்யப்பட்டது. ஹார்வர்டில் வெளிநாட்டு மாணவர்கள் சுமார் 6,800 பேர், மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். பாஸ்டன் நீதிபதி ஆலிசன் பரோஸ் மறுநாளே அதற்குத் தடை விதித்தார். செப்டம்பர் 3 அன்று, நிதியை முடக்கியதும் சட்டவிரோதம் என்று அவரே தீர்ப்பளித்தார். யூத வெறுப்பை எதிர்ப்பது ஒரு திரையாகவே பயன்படுத்தப்பட்டது என்பது அவருடைய முடிவு. அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றிருக்கிறது.

இதற்கிடையில் ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டம், பெரும் நிதி வைத்துள்ள பல்கலைக்கழகங்களின் முதலீட்டு வருமானத்தின் மீதான வரியை 1.4 சதவீதத்திலிருந்து, அதிகபட்சமாக 8 சதவீதம் வரை உயர்த்தியது. வக்ஃப் எவ்வளவு பெரிதானாலும் ஆட்சியாளரின் கை அதற்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

அக்டோபரில் அடுத்த முயற்சி. ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு ஓர் ஒப்பந்தம் அனுப்பப்பட்டது. கையெழுத்திட்டால் நிதியில் முன்னுரிமை கிடைக்கும். ஆனால் இளநிலைப் படிப்பில் வெளிநாட்டு மாணவர்கள் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரே நாட்டிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் அதில் இருந்தன. அந்த ஒன்பதில் முதலில் மறுத்தது அதே கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள எம்.ஐ.டி. அறிவியலுக்கான நிதி அறிவியல் தகுதியை மட்டுமே பார்த்துத் தரப்பட வேண்டும் என்று அதன் தலைவர் சாலி கார்ன்ப்ளூத் பதில் எழுதினார்.

சேமிப்பு இல்லாதவர்களின் நிலை

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நின்றதைப் பார்த்து எல்லோரும் நிற்கலாமே என்று நினைத்துவிடக் கூடாது. மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகமான மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி உஸ்டரில் இருக்கிறது. 2025 மார்ச்சில், மத்திய அரசின் ஆய்வு நிதி வருமா வராதா என்ற குழப்பத்தில், அந்த ஆண்டு முனைவர் படிப்புக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த இடங்களை அது திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் யாரும் எந்தக் கட்டுரையும் எழுதவில்லை. அவர்களைத் தாங்கிப் பிடிக்கப் போதுமான சேமிப்பு அந்த நிறுவனத்திடம் இல்லை, அவ்வளவுதான்.

சிறிய தனியார் கல்லூரிகளின் நிலை இன்னும் மோசம். மவுண்ட் ஐடா 2018இல் திடீரென மூடப்பட்டது. நியூபரி 2019இல், பெக்கர் 2021இல் மூடப்பட்டன. கட்டணத்தை மட்டுமே நம்பி ஓடிய கல்லூரிகள், மாணவர் எண்ணிக்கை குறைந்ததும் நின்றுவிட்டன. மவுண்ட் ஐடாவுக்குப் பிறகு, கல்லூரிகளின் நிதிநிலையைக் கண்காணிக்க அந்த மாநிலம் 2019இல் தனிச் சட்டமே இயற்றியது.

பணம் மட்டும் போதுமா?

போதாது என்பதற்கும் அதே மாநிலம் சாட்சி. 2024 மே மாதம் காஸாவுக்காக முகாமிட்ட மாணவர்கள் 13 பேருக்கு ஹார்வர்டின் நிர்வாக சபை பட்டமளிப்பை மறுத்தது. 2025 மார்ச்சில், அரசின் கடிதம் வருவதற்கு முன்பே, மத்தியக் கிழக்கு ஆய்வு மையத்தின் இயக்குநரும் துணை இயக்குநரும் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டார்கள். பலஸ்தீனின் பிர்ஸைத் பல்கலைக்கழகத்துடன் இருந்த உறவும் நிறுத்தி வைக்கப்பட்டது. 5,300 கோடி டாலர் கையில் இருந்தும் பயம் போகவில்லை.

2025 ஏப்ரலில் ஹார்வர்டு இரண்டு ஆய்வறிக்கைகளை வெளியிட்டது. ஒன்று யூத வெறுப்பு பற்றியது, மற்றொன்று முஸ்லிம், அரபு, பலஸ்தீன வெறுப்பு பற்றியது. தங்கள் அரசியல் கருத்தைச் சொன்னால் படிப்பிலோ வேலையிலோ தண்டிக்கப்படுவோம் என்று கருத்துக் கணிப்பில் கலந்துகொண்ட முஸ்லிம்களில் 92 சதவீதம் பேர் கூறினார்கள். யூத மாணவர்கள் பலரும் ஒதுக்கப்பட்டதாக வேதனைப்பட்டதை மற்ற அறிக்கை பதிவு செய்தது. அதையும் நாம் சொல்ல வேண்டும். யாருடைய பிள்ளை என்று பார்த்து அநீதியை அளப்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட நீதி அல்ல.

இன்னும் நெஞ்சைத் தைப்பது பிராண்டைஸின் கதை. ஒதுக்கப்பட்டவர்களுக்காகப் பிறந்த அந்தப் பல்கலைக்கழகம்தான், பலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்த மாணவர் அமைப்பை 2023 நவம்பரில் முதன்முதலில் தடை செய்த தனியார் பல்கலைக்கழகம். ஒரு சமுதாயம் அடிபட்ட நினைவோடு கல்விக்கூடம் கட்டினால் மட்டும் போதாது. அடுத்தவர் அடிபடும்போதும் அந்த நினைவு விழித்திருக்க வேண்டும்.

மறுபக்கம் டஃப்ட்ஸைப் பாருங்கள். ஹார்வர்டு அளவுக்குச் செல்வம் இல்லை. ருமைசாவின் கட்டுரை அந்த நிர்வாகத்தையே கண்டித்து எழுதப்பட்டது. இருந்தும் அதன் தலைவர் சுனில் குமார், இந்தியாவில் பிறந்தவர், அந்தக் கட்டுரை பல்கலைக்கழக விதி எதையும் மீறவில்லை என்று நீதிமன்றத்தில் எழுத்து மூலம் சாட்சியம் அளித்தார். தம்மைக் குறை சொன்ன மாணவிக்காகச் சாட்சி சொல்வது பணத்தால் வருவதல்ல.

பாஸ்டன் நீதிபதி வில்லியம் யங் 2025 செப்டம்பர் 30 அன்று அளித்த தீர்ப்பையும் குறிப்பிட வேண்டும். பலஸ்தீன ஆதரவுக் கருத்துக்காக வெளிநாட்டு மாணவர்களையும் ஆசிரியர்களையும் குறிவைத்தது அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றும், சட்டப்படி தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் குடிமக்களைப் போலவே பேச்சுரிமை உண்டு என்றும் அவர் கூறினார். வழக்குத் தொடுத்தவர்கள் பேராசிரியர்களின் சங்கங்கள். முஸ்லிம் மாணவர்களுக்காக, பெரும்பாலும் முஸ்லிம் அல்லாத ஆசிரியர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். அதற்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) காட்டியது

இது நமக்குப் புதிய பிரச்சினை அல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் தலைமை ஆசிரியராக இருந்தார்கள். அன்றைய உலகில் அதற்கு மேலான கல்விப் பதவி இல்லை. ஹிஜ்ரி 488இல், கி.பி. 1095இல், அதை விட்டு வெளியேறினார்கள். பின்னர் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, இனி சுல்தானின் பணத்தை வாங்குவதில்லை, சுல்தானின் வாசலுக்குப் போவதில்லை என்று உறுதி எடுத்ததாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் பிற்காலத்தில் அமைச்சரின் வற்புறுத்தலால் நிஷாப்பூரில் பாடம் நடத்தவும் சம்மதித்தார்கள். ஆட்சியாளரின் பணத்தை முழுதாக விலக்கிக் கல்விக்கூடம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த மாமேதையின் வாழ்வே சான்று.

ஆகவே மாசசூசெட்ஸ் சொல்லும் பாடம் இதுதான்: மறுத்துப் பேசுவதற்குக் கொஞ்சமாவது சொந்தப் பணம் வேண்டும், அந்தப் பணம் இருக்கும்போது மறுத்துப் பேசும் நெஞ்சமும் வேண்டும். முதலாவது இல்லாதவர்கள் இடங்களைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டாவது தளர்ந்த நேரத்தில் பணக்கார ஹார்வர்டும் தானாகவே வளைந்தது.

நம் பெற்றோர்களுக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அனுப்பலாமா? கதவு மூடவில்லை. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

ஒன்று, கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல் அதன் நிதிநிலையையும் பாருங்கள். படிப்பின் நடுவில் மூடப்படும் கல்லூரியும், நிதி நின்றதும் கைவிடப்படும் ஆய்வும் பிள்ளையின் வாழ்வைப் பாதிக்கும்.

இரண்டு, வட்டிக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் முழு உதவி கிடைக்கும் வழிகளைத் தேடுங்கள். ஹார்வர்டு, எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி ஆகிய மூன்றும் இளநிலைப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவர்களையும் பண வசதி பார்க்காமல் தேர்வு செய்து, தேவைப்படும் உதவி முழுவதையும் தருகின்றன. இடம் கிடைப்பது மிக அரிது. ஆனால் ஏழைப் பிள்ளை என்பதால் விண்ணப்பிக்காமல் இருக்கத் தேவையில்லை. அங்குள்ள அரசு சமுதாயக் கல்லூரிகளில் 2024 முதல் கட்டணம் இல்லை என்ற செய்தியைப் பார்த்துப் பலர் விசாரிக்கிறார்கள். அது அந்த மாநிலவாசிகளுக்கானது, மாணவர் விசாவில் செல்பவர்களுக்குக் கிடைக்காது.

மூன்று, 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக வலைதளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று அமெரிக்கா கேட்கிறது. பிள்ளைகளிடம் இதைப் பேசுங்கள். உண்மையை மறைக்கச் சொல்ல வேண்டாம். பொறுப்பில்லாத சொல், ஆதாரமற்ற பகிர்வு, ஒரு சமுதாயத்தையே திட்டும் பேச்சு ஆகியவை விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும் முஃமினுக்கு அழகல்ல. நியாயத்தை நியாயமான சொல்லில் சொன்னதற்காக ஒரு விலை கேட்கப்பட்டால், அதன் சட்ட உரிமை என்ன என்பதையும் பிள்ளை அறிந்திருக்கட்டும்.

ருமைசா அன்று மாலை நோன்பு திறக்கப் போனவர். அவர் எழுதியது ஒரு கட்டுரை மட்டுமே. அதற்காக ஒரு பல்கலைக்கழகத் தலைவர் சாட்சி சொன்னார், ஒரு நீதிபதி உத்தரவிட்டார், பேராசிரியர்கள் வழக்காடினார்கள். மனிதன் மரணித்த பின்னும் நன்மை சேர்த்துக்கொண்டிருப்பவற்றில் நிலையான தர்மத்தையும் பயன்தரும் கல்வியையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்தே சொல்லித்தந்தார்கள். அவை இரண்டும் அச்சமில்லாத உள்ளத்தோடு சேரும்போதுதான் ஒரு கல்விக்கூடம் கல்விக்கூடமாக நிற்கும்.

அத்தகைய கல்வியையும், அத்தகைய உள்ளத்தையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.